சொல்லைப் பிரிந்த எழுத்து: மதீஹா உமரின் ஓவியங்கள்

119ஆம் சங்கீதத்தை எபிரேய மூலத்தில் வாசிக்கத் தொடங்கும் மாணவர் முதலில் வியப்பது அதன் பொருளைக் கண்டல்ல, அதன் அமைப்பைக் கண்டே. 22 எழுத்துக்கள், ஒவ்வோர் எழுத்துக்கும் 8 வசனங்கள், அந்த எட்டும் அதே எழுத்தில் தொடங்குகின்றன. நம் தமிழ்த் திருமறையிலோ ஆலெப், பேத் என்னும் தலைப்புகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. உருவும் ஓசையும் உதிர்ந்துவிட்டன. புலம்பலின் முதல் நான்கு அதிகாரங்களுக்கும் இதே கதி. இதனால் நாம் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்பதே நம்மில் பலரின் எண்ணம். பொருள் கிடைத்த பின் எழுத்து எதற்கு? ஈராக்கிய ஓவியர் மதீஹா உமரின் பணியை ஆராயும்போது இவ்வினா அத்துணை எளிதானதன்று எனத் தோன்றுகிறது.

அவர் 1908இல் சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்தார்; குழந்தைப் பருவத்திலேயே ஈராக்கிற்கு வந்து சேர்ந்தார். அரசின் உதவித்தொகை பெற்று ஐரோப்பாவில் பயிலச் சென்ற முதல் ஈராக்கியப் பெண் அவரே என்பர். இலண்டனிலுள்ள மரியா கிரே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் 1933இல் படிப்பை முடித்துத் திரும்பி, பாக்தாதில் ஆசிரியப் பயிற்சி பெறும் பெண்களுக்கு ஓவியம் கற்பித்தார். அரசுத் தூதுப் பணியிலிருந்த கணவருடன் 1942இல் வாஷிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார். தாய்நாட்டின் எழுத்தை அவர் கண்டெடுத்தது அந்த அயல் நகரில்தான்.

கண்டெடுத்த விதம் நம் இதழின் வாசகருக்குச் சிறப்பாகச் சொல்லத்தக்கது. வட அரபு எழுத்தின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து 1939இல் சிக்காகோவில் வெளிவந்த ஒரு நூல் அவர் கைக்கு எட்டியது. அதை எழுதியவர் நபியா அபட். துருக்கியின் மார்தின் ஊரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவ்வம்மையார் பம்பாயில் வளர்ந்து, லக்னோவில் மெதடிஸ்டு மிஷனார் நடத்திய இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்று 1933இல் சிக்காகோவின் கீழைநாட்டு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர். குர்ஆனின் பழஞ்சுவடிகளிலுள்ள எழுத்து வடிவங்களை இக்கிறிஸ்தவப் பெண் பொறுமையுடன் வரிசைப்படுத்தினார். அவ்வரிசையை இன்னொரு பெண் ஓவியக் கண்கொண்டு பார்த்தார். இந்திய மண்ணில் மிஷன் கல்லூரி ஒன்று இட்ட வித்து எங்கே சென்று முளைத்தது என்பதை நம் மிஷன் வரலாறுகள் குறிப்பிடக் காணோம்.

இஸ்லாமியக் கலை அறிஞர் ரிச்சர்ட் எட்டிங்ஹவுசன் ஊக்குவிக்க, மதீஹா 1949இல் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பொது நூலகத்தில் தம் எழுத்தோவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அரபு வனப்பெழுத்து அருவ ஓவியத்திற்கு ஊற்றாக விளங்க முடியும் என்னும் கருத்தைக் கட்டுரையாகவும் எழுதினார். ஒவ்வோர் எழுத்துக்கும் தனக்கே உரிய இயல்பும் இயக்கமும் உண்டு. அணிவேலைக்குள் அடைபட்டுக் கிடந்த அதனை விடுவிக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அரபு உலகில் பின்னர் ஹுரூஃபிய்யா எனப் பெயர் பெற்ற எழுத்தோவிய இயக்கத்திற்கு இதனை முன்னோடி முயற்சியாகக் கொள்வது பொருந்தும். ஆயினும் அவ்வியக்கத்தைப் பற்றிப் பேசுவோர் ஆடவரின் பெயர்களைக் கோட்பாட்டோடு சேர்த்துச் சொல்லிவிட்டு, இவரை ‘முதல் பெண்’ என்னும் அடைமொழியோடு ஓரத்தில் அமர்த்திவிடுவதுண்டு. பாராட்டுப் போலத் தோன்றும் புறக்கணிப்பு இது. தூரிகையோடு பேனாவையும் எடுத்துத் தம் கோட்பாட்டைத் தாமே வகுத்தவர் அவர்.

இவரை மரபுவழி வனப்பெழுத்தாளராகக் கருதுதல் பிழை. பாக்தாதின் இப்னு முக்லா (மறைவு 940) நாணற்பேனாவின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாக்கி எழுத்துக்களின் விகிதங்களை வரையறுத்தார். அவ்வழியில் பயில்வோர் ஆசானின் கையைப் பல ஆண்டுகள் பின்பற்றி, எழுத உரிமைச் சான்று பெறுவர். மதீஹாவின் கோடுகள் அந்த அளவைக்கு உட்பட்டவையல்ல. அவர் எழுத்தின் உடலை நீட்டுகிறார், வளைக்கிறார், ஒன்றையொன்று தழுவ விடுகிறார். கொடிபோலும் அலைபோலும் அவை படர்கின்றன. வாசிக்க முயலும் கண்ணுக்குச் சொல் அகப்படுவதில்லை. மரபில் தேர்ந்த ஆசான் ஒருவர் இதனைக் கண்டு முகஞ்சுளித்தால் அவரை நாம் குறைகூற மாட்டோம்.

நம் ஐயமோ வேறு. அணிவேலையில் எழுத்து சிறைப்பட்டிருந்தது என்னும் அவர் கூற்றை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. பள்ளிவாசலின் சுவரில் ஓடும் எழுத்து வெறும் அணி அன்று. ஓதப்பட்ட வாக்கு அங்கே கல்லில் தங்கியிருக்கிறது. எழுதப்பட்டதற்கும் ஓதப்படுவதற்கும் இடையிலுள்ள உறவை அறுத்தபின் எஞ்சும் வளைவை விடுதலை என்பதா, அனாதை நிலை என்பதா? வாக்கை மையமாகக் கொண்ட சபையில் வளர்ந்த நமக்கு இக்கேள்வி எளிதில் அடங்காது. பவுலடிகள் எழுத்தையும் ஆவியையும் எதிரெதிரே நிறுத்தியதைக் காட்டிச் சிலர் விடையிறுக்கக்கூடும். ஆனால் அவர் அங்குப் பேசுவது இரண்டு உடன்படிக்கைகளைக் குறித்தேயன்றி மையும் தாளும் குறித்தன்று.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வாஷிங்டனில் அப்படங்களைப் பார்த்தோரில் பெரும்பாலோர் அரபு அறியாதோர். அவர்களுக்கு ஐன் என்னும் எழுத்து தொடக்கத்திலிருந்தே ஒரு வளைவுதான். ஓவியர் அதிலிருந்து எதையும் நீக்க வேண்டியதில்லை. பாக்தாதில் அதைப் பார்ப்பவரோ வாசிக்காதிருக்க இயலாதவர். ஐன் என்றால் அவருக்குக் கண், நீரூற்றும் அதுவே. எபிரேயத்திலும் அவ்வாறே என்பதை நம் மாணவர் அறிவர். சொல்லை நாடிச் சென்று, சொல் கிடையாமல், எழுத்தின் முன்னே நின்றுவிடும் அந்தத் தடுமாற்றமே இப்படங்களின் உயிர் என்பது நம் துணிபு. எனவே இவை அரபு அறிந்தவருக்கே முழுமையாகத் திறக்கும் படங்கள். எல்லார்க்கும் பொதுவான அருவக் கலை என்று ஓவியரே நம்பியிருந்தாலும், படங்கள் அந்நம்பிக்கைக்கு இணங்கவில்லை. நம் பார்வையில் அது அவற்றிற்கு நன்மையே.

அவர் வழியில் பின்வந்தோர் சிலரிடம் இத்தடுமாற்றமே இல்லை. எழுத்து அங்கே நாட்டின் முத்திரையாகிவிட்டது. பொன் வண்ணத்தில் தோய்த்து விடுதி முகப்பிலும் வங்கிச் சுவரிலும் மாட்டத்தக்க பொருளாகிவிட்டது. அவர் அஞ்சிய அணிவேலை வேறு வாயில் வழியே திரும்பிவிட்டது எனலாம். 1971இல் பாக்தாதில் ஷாகிர் ஹஸன் அல் ஸயீத் முன்னின்று நடத்திய ‘ஒற்றைப் பரிமாணம்’ கண்காட்சியில் மதீஹாவும் பங்குகொண்டார். அங்கு அல் ஸயீத் எழுத்தைச் சூஃபி மரபின் வழியில் தியானப் பொருளாக்கினார். அத்தகைய சமயத் தேட்டம் மதீஹாவின் கோட்டில் வெளிப்படையாக இல்லை. இதனை ஒரு குறையாக எண்ணியே நாம் இவ்வாய்வைத் தொடங்கினோம். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மனம் வரவில்லை. எழுத்தின் முன் பக்தியைக் காட்டிக்கொள்ளாமல், அதன் உருவை உற்றுநோக்குவதிலேயே ஆயுளைச் செலவிட்டவர் அவர். பெய்ரூத்தில் 1865இல் வெளிவந்த அரபுத் திருமறைக்காக உழைத்த மிஷனரி ஏலி ஸ்மித், அச்செழுத்து அரபியரின் கண்ணுக்கு இசைய வேண்டுமென்று வனப்பெழுத்தாளரின் மாதிரிகளைத் திரட்டினார். கப்பற்சேதத்தில் அவை அழிந்தபின் மீண்டும் திரட்டினார். அவரும் உருவைப் பொருட்படுத்தியவரே.

மதீஹா உமர் 2005இல் அம்மானில் காலமானார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 2003 ஏப்ரலில், பாக்தாதின் நவீன ஓவியச் சேகரம் சூறையாடப்பட்டு ஆயிரக்கணக்கான படங்கள் காணாமற்போயின. அவருடைய தலைமுறையினரின் படைப்புகள் பலவற்றை இன்று பாக்தாதில் அன்று, தோஹா போன்ற பிற நகரங்களின் கலைக்கூடங்களிலேயே தேடிக் காண வேண்டியிருக்கிறது.