வகுப்புக்கு வரும் சொந்தக்காரர்

ஒவ்வொரு பருவத்திலும் சிறப்புச் சொற்பொழிவு ஒன்றாவது நடத்தியாக வேண்டும் என்ற நெருக்கடி இன்று பெரும்பாலான கல்லூரித் துறைகளுக்கு உண்டு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்புக்குக் காட்ட அழைப்பிதழ், வருகைப் பதிவு, இடக்குறியிட்ட ஒளிப்படம், அறிக்கை எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். சென்னையிலோ கோவையிலோ பேச ஆள் கிடைத்துவிடும். அரியலூர்ப் பக்கத்துக் கல்லூரிக்கு வேலைநாளில் விடுப்புப் போட்டுக்கொண்டு யார் வருவார்? ஆசிரியையின் வங்கி மேலாளரான கணவரோ அரசு மருத்துவரான தங்கையோதான் கைகொடுக்கிறார்கள். இந்த வழக்கத்தை முறைகேடு என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. வீட்டு விஷயம் என்று கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது.

முதலில் நன்மை. வணிகவியல் ஆசிரியை ஒருவர் கடன் மதிப்பீட்டை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத அதிகாரியிடம், “எங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது பேசுங்கள்” என்று கேட்கலாம். அவரும் தன்னம்பிக்கை உரை ஒன்றை ஆற்றிவிட்டுப் பொன்னாடையோடு போய்விடுவார். கணவரிடமோ, “மூன்றாம் அலகு முடிந்துவிட்டது, விகிதங்கள் அவர்களுக்குத் தெரியும், கடன் ஏன் மறுக்கப்படுகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்” என்று உட்கார்த்தி வைத்துப் பேசலாம். வேண்டாத பகுதியை வெட்டச் சொல்லவும் தயக்கம் இருக்காது. “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, கிளையில் அப்படி நடப்பதில்லை” என்று அவர் மறுத்து, இவர் திரும்பக் கேட்டால், படித்த இருவர் மரியாதை குறையாமல் கருத்து மாறுபடுவதை மாணவர்கள் நேரில் பார்ப்பார்கள். அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம்.

பெரிய குறை, மாணவரின் வாய் அடைபடுவது. பேசுபவர் ‘மேடத்தோட வீட்டுக்காரர்’. அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண் மேடத்தின் கையில். “கல்விக்கடன் கேட்டுப் போனால் ஏன் சார் அலைய விடுகிறீர்கள்?” என்று வேறொரு மேலாளரிடம் துணிந்து கேட்கக்கூடிய மாணவி, இவரிடம் கேட்கமாட்டாள். பின்னூட்டப் படிவத்தைத் திரட்டுவதும் அதே ஆசிரியை என்றால், எல்லாப் படிவங்களிலும் ‘மிக நன்று’ இருப்பதில் வியப்பில்லை.

அடுத்தது பலன் போய்ச் சேரும் இடம். மதிப்பூதியம் சிறு தொகையாக இருக்கலாம், சான்றிதழ் சிறிதல்ல. பேசியவரும் ஆசிரியராக இருந்தால், அது அவருடைய தன்விவரக் குறிப்பில் ஏறிப் பதவி உயர்வு வரை பேசும். ‘உறவினரை அழைக்கக் கூடாது’ என்று தடை போட்டால் தீருமா? இந்தத் துறை அந்தத் துறை ஆசிரியரின் மனைவியை அழைக்கும், அடுத்த பருவத்தில் அந்தத் துறை இவர் மனைவியை அழைக்கும். மொய் எழுதுவது போலத்தான். கணக்கு நேராகிவிடும், விதியும் மீறப்பட்டிருக்காது.

தடை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வரலாறு சாட்சி. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் பணியாற்றக் கூடாது என்ற விதிகளால் இழந்தவர்கள் பெரும்பாலும் மனைவியர்தான். அப்படி இழந்தவர்களில் ஒருவரான இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத பேராசிரியராக இருந்தபடியே அணுக்கருவின் கூடு மாதிரியை உருவாக்கினார். 1963இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் அந்த ஆய்வுக்காகத்தான். அங்குள்ள பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1971இல் வெளியிட்ட அறிக்கை, உறவை மட்டும் காரணம் காட்டி ஒருவரை விலக்குவது தவறு என்றது. கூடவே, தன் குடும்பத்தினருக்குப் பலன் தரும் முடிவில் ஆசிரியர் பங்கேற்கக் கூடாது என்றும் சொன்னது.

நமக்கும் பொருந்தும் அளவுகோல் அதுவே. அழைப்பவர், பணம் தர ஒப்புதல் சொல்பவர், ‘நன்றாக இருந்தது’ என்று அறிக்கை எழுதுபவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருப்பதுதான் கோளாறு. “வீட்டு ஆள்தானே, பணம் வேண்டாம்” என்பது நேர்மையாகத் தோன்றும். ஆனால் அரை நாள் ஊதியத்தை விட்டு வந்த மனைவியின் உழைப்பு அதனால் இலவசமாகிறது. அழைப்பில் இருந்த பாரபட்சமும் அப்படியே இருக்கிறது. மற்றவர்களுக்குத் தரும் தொகையை அவருக்கும் தரட்டும்; அதைத் துறைத்தலைவர் முடிவு செய்யட்டும். ஆசிரியரே துறைத்தலைவர் என்றால் முதல்வர் முடிவு செய்யட்டும்.

உறவை அழைப்பிதழிலேயே சொல்லிவிடுவதும் அவசியம். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்தைப் பார்த்து யார் யாருக்கு என்ன உறவு என்று கண்டுபிடிக்க முடியாது. பின்னூட்டத்தை வேறொருவர் பெயரில்லாமல் வாங்க வேண்டும். கேள்வி நேரத்தில் ஆசிரியர் வெளியே போய்விடலாம். அந்தப் பருவத்தின் ஒரே விருந்தினர் சொந்தக்காரராக இருக்கவும் கூடாது. இத்தனைக்கும் சம்மதிக்கும் ஆசிரியர் தாராளமாகத் தம் வீட்டாரை அழைக்கலாம். சம்மதிக்காதவர் அழைப்பது யாருடைய நலனுக்காக என்று துறை கேட்கத்தான் வேண்டும்.