அல்லியின் குரல்

மூன்று நாளாக அவள் அந்த இளநீர்க் கடையை விட்டு நகரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், உத்தண்டி டோல்கேட்டைத் தாண்டி இருக்கும் கடை அது. வெள்ளைக் கார் எது வந்து நின்றாலும் எழுந்து ஓடுவாள். டிரைவர் பக்கத்துக் கதவை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். "விட்டுட்டுப் போன காரு வெள்ளை போலிருக்கு தம்பி. பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குது" என்றார் கடைக்கார அம்மா. மஞ்சள் நிற லேப்ரடார். விலா எலும்பை எண்ணிவிடலாம்.

கைவிடப்பட்ட நாய்களை மீட்டு வீடு சேர்க்கும் குழுவில் நான் சேர்ந்து அப்போது இரண்டே வாரம். நான்கு வருடம் ஓடிவிட்டது, நாற்பதுக்கும் மேல் நாய்களை வீடு சேர்த்துவிட்டோம். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல காரியம் எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்கு அலுக்கவே அலுக்காது.

எங்கள் குழுவுக்கு அலுவலகம் கிடையாது, காப்பகம் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, இரண்டு கூண்டு, இருபது பேர், அவ்வளவுதான். வங்கியில் வேலை பார்ப்பவர், கல்லூரிப் பிள்ளைகள், தையல்கடை வைத்திருக்கும் அக்கா, ஒரு ஆட்டோ அண்ணன். அந்த அண்ணனுக்குக் கோயில் கட்டலாம். நாயைப் பார்த்ததும் பறந்துவிடும் ஆட்டோக்களுக்கு நடுவே, இவர் சீட்டுக்குக் கீழே எப்போதும் ஒரு சாக்கை மடித்து வைத்திருப்பார். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும், "எங்க வரணும், சொல்லு" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை.

தெருநாய்களைக் கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடை செய்து மறுபடி அதே தெருவில் விடலாம் என்று 1964-லேயே ப்ளூ கிராஸ் அமைப்பு தொடங்கிவைத்த ஊர் சென்னை. கருத்தடைக்கு அடையாளமாகக் காதில் சின்ன வெட்டோடு திரியும் நாட்டு நாய்க்குத் தெரு தெரியும். எந்த வீட்டில் சோறு கிடைக்கும், எந்த நாயோடு மோதக்கூடாது என்று தெரியும். வீட்டில் வளர்ந்து ரோட்டில் இறக்கிவிடப்பட்ட நாய்க்கு இதில் ஒன்றுமே தெரியாது. இறக்கிவிட்ட இடத்திலேயே காத்துக்கிடக்கும். அதனால்தான் எங்கள் குழு இவற்றுக்காகவே ஓடுகிறது.

அந்த லேப்ரடாரைப் பிடித்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். தையல்கடை அக்கா அவளைப் பார்க்கக்கூட இல்லை. முதுகைக் காட்டி மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவித்த முட்டையைப் பிய்த்துப் பின்பக்கமாக ஒவ்வொரு துண்டாக உருட்டிவிட்டார். "கண்ணைப் பார்க்காதே, கையை நீட்டாதே. அதுவா வரட்டும்" என்று என்னிடம் முணுமுணுத்தார். நாற்பது நிமிடம். லாரிகள் இரைந்துகொண்டு போயின. கடைசியில் ஈர மூக்கொன்று அக்காவின் முழங்கையைத் தொட்டது. பிறகு அந்தத் தலை அப்படியே அவர் மடியில் சாய்ந்தது. அக்கா அழுதார், இளநீர்க் கடை அம்மாவும் அழுதார், நானும் அழுதேன்.

கால்நடை டாக்டர் அவளுடைய காது மடலைத் திருப்பிக் காட்டினார். மிளகைக் கொட்டி வைத்ததுபோல் உண்ணிகள். எடை 17 கிலோ. ரத்தத் தட்டுகள் 40,000. இரண்டு லட்சமாவது இருக்கவேண்டுமாம். மடி தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. "அஞ்சு வயசிருக்கும். குட்டி விற்கிறதுக்காகவே வச்சிருந்திருக்காங்க. இனி உதவாதுன்னு விட்டுட்டாங்க" என்றார். உண்ணிக் காய்ச்சலுக்கு 28 நாள் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஃபாஸ்டராக நான் வைத்துக்கொள்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். நல்ல வீடு கிடைக்கும்வரை நம் வீட்டில் வைத்துத் தேற்றுவதுதான் ஃபாஸ்டர். காப்பகம் இல்லாத எங்களுக்கு உயிரே இதுதான். படிக்கிற நீங்கள் ஒரே ஒரு நாய்க்கு இரண்டு வாரம் இடம் கொடுத்துப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அல்லி என்று அம்மா பெயர் வைத்தார். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினாள். விளக்கை அணைத்தால்தான் சாப்பிடுவாள். அம்மா உப்புப் போடாமல் தனியாகச் சோறு வடித்து, கோழியை வேகவைத்துப் பிசைந்து வைப்பார். பதினோராம் நாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து டொக், டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் வால்! தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் சொத்தை எழுதிவைப்பேன்.

தத்துக் கேட்டு வந்த ஃபோன்களில் பாதி, "இன்னும் குட்டி போடுமா?" என்றுதான். கருத்தடை செய்தாயிற்று என்றதும் துண்டித்துவிடுவார்கள். வளர்த்த பிராணியைக் காரணமில்லாமல் கைவிடுவது 1960-ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். ஆனாலும் சட்டத்தை நம்பி நாங்கள் யாரிடமும் நாயைக் கொடுப்பதில்லை. வீட்டுக்கே போவோம். கேட் இடுக்கில் தலை நுழையுமா, வாடகை வீடென்றால் ஓனர் சம்மதம் உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று குடைந்து குடைந்து கேட்போம். பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. கோபித்துக்கொள்ளட்டும்.

குரோம்பேட்டையிலிருந்து வந்த ரிட்டயரான கண்டக்டர் ஐயா வேறு மாதிரி. எங்கள் கேள்விகள் முடிகிறவரை பொறுமையாக இருந்துவிட்டு, "அவளுக்கு என்ன பிடிக்கும்?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முடிந்தது விஷயம்.

எங்கள் வீட்டு வாசம் இருக்கட்டும் என்று அவள் படுத்த பழைய போர்வையையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினோம். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் என்று விசாரிப்பது எங்கள் வழக்கம். மூன்றாம் மாதம் நானே போனேன். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டில் கை வைத்தேன்.

உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். மினுமினுவென்று பொன்நிறம், 27 கிலோ. கேட்டில் முன்கால் இரண்டையும் ஊன்றி நின்று என்னைப் பார்த்துத் தெருவே அதிரக் குரைத்தாள். எங்கள் வீட்டில் இருந்த எழுபது நாளில் அல்லி ஒருமுறைகூடக் குரைத்ததில்லை.