மீட்பு வட்டு எதை மீட்கிறது? குளோன்சில்லாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

போன ஐப்பசி மழையில் வைகைக்கு வடகரையில் இருக்கிற ஒரு சின்ன அச்சகத்தின் சர்வர் இடி மின்னலில் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று இருபது வருஷ வேலை அதில் இருந்தது. கூடவே என்னுடைய கோப்பு ஒன்றும் இருந்தது. 2003-இல் மேலூர்ப் பக்கம் கண்மாய் கண்மாயாகச் சுற்றி மடைக்கல் எழுத்துகளைப் பார்த்து எழுதிய குறிப்புகளை அங்கேதான் டைப் அடிக்கக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு கல் இப்போது அங்கே இல்லை. மடையைக் கான்கிரீட்டில் புதுப்பித்தபோது அது எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியலை. அதனால் சர்வரை மீட்க நான் ஓடியதில் உதவி பாதி, சுயநலம் பாதி.

பேக்கப் இருந்தது. நான்தான் குளோன்சில்லா வைத்து, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு இமேஜ் எடுத்துக் கொடுத்திருந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து அதை மீட்டபோது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது 'எப்படிச் செய்வது' வகைப் பாடம் இல்லை, விமர்சனம். ஒரு நல்ல கருவி எங்கே நம்மைக் கைவிடுகிறது, எங்கே நாம் அதைக் கைவிடுகிறோம் என்று பிரித்துப் பார்க்கும் முயற்சி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குளோன்சில்லா தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் பிறந்த கட்டற்ற மென்பொருள். சிடியிலோ பென் டிரைவிலோ போட்டு பூட் செய்தால் போதும். சர்வரில் இருக்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே வேலை செய்வது பார்ட்குளோன் என்ற கருவி. அது ஃபைல் சிஸ்டத்தைப் படித்து, பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் எடுக்கிறது. 500 ஜிபி வட்டில் 140 ஜிபி மட்டும் நிரம்பியிருந்தால், அந்த 140-ஐத்தான் சுருக்கி வைக்கும். ஐந்து ரூபாய் செலவில்லாமல் ஒரு சின்ன அலுவலகத்துக்கு இதைவிட நல்ல காப்பீடு கிடைக்காது.

இன்னொரு நல்ல குணமும் உண்டு. பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருந்தால் அது இமேஜ் எடுக்காது. சர்வரை நிறுத்தித்தான் ஆகணும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் ஒரு கோப்பு காலை பத்து மணி நிலையிலும் இன்னொன்று பத்தேகால் நிலையிலும் இருக்கும். முறையாக நிறுத்தி எடுத்த இமேஜில் அந்தக் குழப்பம் கிடையாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: நிறுத்த வேண்டும் என்றால் யாரும் அடிக்கடி எடுக்க மாட்டார்கள். நம்ம ஊரில் சர்வர் தானாக நிற்கும் ஒரே நாள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள்தான். அன்றைக்குக் கரண்டே இருக்காது! முந்தைய இமேஜுக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கும் வசதியும் குளோன்சில்லாவில் இல்லை. அச்சகத்தில் என் இமேஜ் நாலு மாதம் பழையது. அந்த நாலு மாத வேலை போனது போனதுதான்.

இனி மீட்பு. செத்துப்போன வட்டு 500 ஜிபி. கடையில் வாங்கி வந்தது 480 ஜிபி எஸ்எஸ்டி. நிரம்பியிருந்ததோ 140 ஜிபி. தாராளமாகப் போதும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் போதாது. இலக்கு வட்டு மூல வட்டுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று குளோன்சில்லாவின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. தப்பு எங்கள் மேல்தான், படிக்காமல் வாங்கியது. இருந்தாலும் இதை விமர்சனமாகவே சொல்வேன்: இந்த விதி இமேஜ் எடுக்கும் திரையில் கண்ணில் படும்படி வர வேண்டும். மீட்கும் நாளில் தெரிந்து என்ன பயன்? கடைசியில் 1 டிபி வட்டு ஒன்றைக் கடன் வாங்கி அதில் மீட்டு, ஜிபார்ட்டடில் பார்ட்டிஷனைச் சுருக்கி, பார்ட்டிஷன் பார்ட்டிஷனாகப் புதிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, கிரப் பூட்லோடரை மறுபடி நிறுவினோம். 40 நிமிஷ வேலை ஒரு ராத்திரி ஆனது.

பூட் செய்தால் ஒன்றரை நிமிஷம் சும்மா நின்றுவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் விழுந்தது. காரணம் சாதாரணமானது. பழைய சர்வரில் ஸ்கேன் படங்களுக்காக இன்னொரு வட்டு இருந்தது. அதுவும் மின்னலில் போச்சு. ஆனால் எஃப்எஸ்டேப் கோப்பில் அதன் அடையாள எண் இருக்கிறது. லினக்ஸ் அதைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு 'முடியாது' என்று உட்கார்ந்துவிட்டது. அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அதைத் தாண்டிப் போயிருக்கும். இமேஜ் துல்லியமான நகல் என்பதால் சர்வரின் பழைய நம்பிக்கைகளையும் சேர்த்தே மீட்கிறது. வட்டுதான் திரும்பி வந்தது, அது வாழ்ந்த வீடு வரவில்லை.

இமேஜ் எடுக்கத் தொடங்கும் முன்பே, 'எடுத்து முடித்ததும் மீட்கத்தக்கதா என்று சரிபார்க்கவா?' என்று குளோன்சில்லா கேட்கும். நான் 'ஆமாம்' கொடுத்திருந்தேன், சரி என்றே பதில் வந்தது. அது பொய் இல்லை. அந்தச் சோதனை இமேஜ் கோப்புகள் கெடாமல் இருக்கின்றனவா, விரித்துப் படிக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. சர்வர் எழுந்து வேலை செய்யுமா என்பதை அதனால் சொல்லவே முடியாது. 'மீட்கத்தக்கது' என்ற சொல்லை நாம் இரண்டாவது அர்த்தத்தில் புரிந்துகொள்கிறோம். என் முக்கியமான குற்றச்சாட்டு கருவியின் மேல் இல்லை, இந்தச் சொல் தருகிற நிம்மதியின் மேல்தான்.

இது சின்னக் கடையின் பிரச்சினை மட்டும் இல்லை. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் சர்வர்கள் ரேன்சம்வேரில் சிக்கின. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டிபி தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தரவு முழுவதும் மீட்கப்பட்டதாகவும் சொன்னது. அதாவது பேக்கப் இருந்தது, நன்றாகவும் இருந்தது. அப்படியும் சேவைகள் பெருமளவு திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. அதுவரை சீட்டும் பேனாவும்தான். நாம் அன்றைக்குப் பேசியதெல்லாம் யார் ஹேக் செய்தார்கள், எத்தனை கோடி கேட்டார்கள் என்பதுதான். பேக்கப் கையில் இருந்தும் இரண்டு வாரம் ஏன் என்ற கேள்விதான் பொறியாளருக்கு முக்கியம். தரவு திரும்புவது ஒரு படி. அதைச் சுத்தமான சர்வரில் ஏற்றி, நெட்வொர்க்கைப் பிரித்து, நூற்றுக்கணக்கான கணினிகளைத் துடைத்து, ஒவ்வொரு கவுன்ட்டரையும் மறுபடி இணைப்பது மற்ற படிகள். எந்த மீட்பு வட்டிலும் அவற்றுக்கு மெனு கிடையாது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினமும் எடுப்பதாக நம்பிய டம்ப் வேலையே செய்யவில்லை. டம்ப் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகவில்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாரையும் சேரவில்லை. யாரோ வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அவர்கள் இதை ஒளிக்காமல் வரி வரியாக எழுதி வெளியிட்டார்கள். அந்தப் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

சரி, அச்சகத்துக்கு வருவோம். திங்கட்கிழமை காலை சர்வர் எழுந்துவிட்டது. அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தபடி, "எல்லாம் வந்துருச்சா தம்பி?" என்றார். "வந்துருச்சுண்ணே" என்றேன். அரை மணி நேரம்தான் அந்தச் சந்தோஷம். பழைய கோப்புகளைத் திறந்தால் திரை முழுக்க மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

நம் தலைமுறைக்கு இது தெரிந்த கதைதான். யூனிகோடுக்கு முன்னால் ஒவ்வொரு ஃபான்டும் ஒரு தனி நாடு. 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று தரங்கள் வந்தன. இணையத்தில் டிஸ்கி புழங்கியது. கடைகளில் அவரவர் வாங்கிய ஃபான்ட். 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபோது, அதற்கு முன் அடித்த கோப்புகள் அப்படியே கிடந்தன. அச்சகத்தில் அந்த ஃபான்ட் சர்வரில் இல்லை. டைப் அடிக்கும் விண்டோஸ் கணினியில் இருந்தது. மின்னலில் அதுவும் போய்விட்டது. அதற்கு யாரும் இமேஜ் எடுக்கவில்லை, நான் உட்பட. ஒரு பைட் கூட மாறாமல் மீட்ட கோப்பை ஒரு எழுத்து கூடப் படிக்க முடியவில்லை.

இந்த இடத்தில் மதுரைத் திட்டத்தை நினைத்துக்கொண்டேன். மதுரையின் பெயரைத் தாங்கி, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கல்யாணசுந்தரம் 1998-இல் தொடங்கிவைத்த மின்னூல் முயற்சி அது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட நூல்களை டிஸ்கியில் தந்தவர்கள், பிறகு யூனிகோடுக்கும் கொண்டுவந்தார்கள். நகல்களைப் பெருக்கியது பாதி வேலை. அடுத்த தலைமுறைக் கணினி படிக்கிற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தது மீதி வேலை. அந்தக் கால ஏட்டுப் பிரதி எழுதியவர்கள் செய்ததும் இதுதான். ஓலை செல்லரிப்பதற்குள் புது ஓலைக்கு மாற்றினார்கள்.

அதனால் அச்சகத்தில் இப்போது மூன்று ஏற்பாடுகள். மாதம் ஒரு ஞாயிறு சர்வர் இமேஜ். அதோடு தினமும் இரவு கோப்புகளின் தனி நகல். இமேஜைப் பிரித்து ஒற்றைக் கோப்பை நேரடியாக எடுக்க முடியாது என்பதால் இது தேவை. டைப் அடிக்கும் கணினிக்கும் ஒரு இமேஜ், ஃபான்டுகளுக்குத் தனி கோப்புறை. மூன்றாவதுதான் முக்கியம்: ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேறொரு கணினியில் மீட்டு, பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து, அண்ணன் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று கணக்கு.

என் மடைக்கல் குறிப்புகளில் சில பக்கங்களுக்குப் பழைய பிரின்ட் அவுட் என் வீட்டில் இருந்தது. அதைக் கோப்போடு ஒப்பிட்டு, எந்தக் குறிக்கு எந்தத் தமிழெழுத்து என்று அட்டவணை போட்டு வருகிறேன். காணாமல் போன கல்லின் பக்கத்தில் இதுவரை ஏழு வரி படித்தாயிற்று. எட்டாவது வரியில் இரண்டு குறிகள் அட்டவணையில் இல்லை.