பக்கம் திருப்புவதும் பாடம் திருப்புவதும்

"மூன்றாம் வகை நெம்புகோலுக்கு எடுத்துக்காட்டு?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "பைசெப்ஸ் சார்" என்று பதில் வந்துவிட்டது. சொன்னவர் உடற்கல்வியில் முதுகலை முடித்துவிட்டு நெட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞர், நல்ல கபடி ஆட்டக்காரர். மைதானத்து ஓரம், குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் மடியில் ஒரு வரி வினா-விடைத் தொகுப்பு. நகல் எடுத்து நகல் எடுத்து எழுத்து மங்கிப்போன தாள்கள்.

தொட்டியடியில் ஒரு வாளி இருந்தது. ஐந்து லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கச் சொன்னேன். "முழங்கையை மடக்கி, முன்கை தரைக்குச் சமமா இருக்கிற மாதிரி தூக்கிப் பிடி தம்பி. இப்ப உன் பைசெப்ஸ் எத்தனை கிலோவுக்கு இழுக்குது?"

"அஞ்சு கிலோ சார்."

மண்ணில் குச்சியால் கோடு போட்டுப் பார்த்தோம். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். பைசெப்ஸின் தசைநாண் முன்கை எலும்பைப் பற்றியிருக்கும் இடம் முழங்கையிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். பளு ஏழு மடங்கு தள்ளி இருக்கிறது. ஆகவே தசை ஏழு மடங்கு இழுத்தாக வேண்டும். வாளிக்கு மட்டும் 35 கிலோ, முன்கையின் எடை தனி. அவர் வாளியையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது உடம்புக்கு நஷ்டம்தானே சார்? ஏன் இப்படி அமைஞ்சிருக்கு?"

அந்தக் கேள்விதான் பயோமெக்கானிக்ஸ். தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் நகரும். விசையில் இழந்ததை வேகத்திலும் வீச்சிலும் உடம்பு திரும்பப் பெற்றுக்கொள்கிறது. கைகால்களின் பெரும்பாலான தசைகள் மூட்டுக்கு அருகிலேயே பற்றியிருக்கின்றன. அதனால்தான் ரெய்டுக்குப் போகிறவரின் கை மின்னலாகப் போய்த் தொட முடிகிறது. இரண்டு ஆண்டு வகுப்பிலும் ஓராண்டுத் திருப்புதலிலும் இந்த இளைஞர் நெம்புகோலைப் பலமுறை கடந்து வந்திருந்தார். விடை அவரிடம் இருந்தது. அது எந்தக் கேள்விக்கான விடை என்பது மட்டும் இல்லை.

இப்படிச் சொன்னதும் "மனப்பாடம் வீண்" என்ற பழகிய தீர்ப்புக்குத் தாவிவிடுவது எளிது. அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. ஒரு வரி வினா-விடை முறையைக் குறை சொல்கிறவர்களில் பலர் அதைப் படிக்கிறவரின் நாளைப் பார்த்ததில்லை. விடியற்காலை இரண்டு மணி நேரப் பயிற்சி, பகலில் வகுப்பு அல்லது தற்காலிக வேலை, மாலையில் மறுபடி மைதானம். அதற்குப் பிறகு எஞ்சுகிற அரைமணி நேரத்தில், களைத்த உடம்போடு, ஆங்கிலத்தில் அறுநூறு பக்கம் உள்ள உடற்செயலியல் நூலைப் புரட்டு என்று சொல்வது அறிவுரை ஆகாது. நெட் தேர்வின் பாடத்தாளில் 100 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தவறுக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. அந்த அமைப்புக்குத் தக்கபடி பிறந்ததுதான் ஒரு வரித் தொகுப்பு. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற பலரை அரசு வேலை வரை கொண்டுபோய்ச் சேர்த்திருப்பதும் அதுதான்.

இன்னொரு வலிமையை அதைப் பயன்படுத்துகிறவர்களே உணர்ந்திருப்பதில்லை. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் புத்தகம் பாராமல் சொல்கிறார்களே, அது நினைவிலிருந்து மீட்டெடுக்கும் பயிற்சி. வெறுமனே மறுபடி மறுபடி படிப்பதைவிட அது உறுதியானது. 2006-ல் ரோடிகரும் கார்பிக்கியும் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவு ஒரே பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு பிரிவு ஒருமுறை படித்து, மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. மஞ்சள் மையால் கோடு போட்டுக்கொண்டே பக்கத்தைத் திருப்புகிறவரைவிட, நண்பனிடம் "கேளுடா" என்று உட்காருகிறவர் பாடத்தைத் திருப்புகிறார். இதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் மீட்டெடுக்கும் முறை எவ்வளவு உறுதியோ, மீட்டெடுக்கிற பொருள் தவறாக இருந்தால் தவறும் அவ்வளவு உறுதியாகப் பதிந்துவிடும். உடற்செயலியல் பகுதியில் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். "பயிற்சிக்கு மறுநாள் தசைவலி ஏன்? லாக்டிக் அமிலத் தேக்கம்" என்ற வரி தொகுப்புக்குத் தொகுப்பு நகலாகி வந்துகொண்டே இருக்கிறது. லாக்டிக் அமிலத்தின் கதை பெரியது. தசை பற்றிய ஆய்வுக்காக ஆர்ச்சிபால்ட் ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் லாக்டிக் அமிலம் கழிவாகவும் களைப்பின் காரணமாகவும் தெரிந்தது. பின்னர், 1980-கள் தொடங்கி, ஜார்ஜ் புரூக்ஸ் போன்றவர்களின் ஆய்வு அந்தப் படத்தையே புரட்டிப் போட்டது. லாக்டேட் என்பது இதயமும் மற்றத் தசைகளும் எடுத்து எரிக்கிற எரிபொருள். கடும் ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு இயல்புக்கு வந்துவிடுகிறது. போய்விட்ட ஒன்று மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி வலிக்கும்?

இதற்கு ஆய்வுக்கூடம் கூடத் தேவையில்லை. மலைக்கோயிலுக்குப் படியேறிப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். மூச்சு வாங்குவது ஏறும்போது. மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது இறங்கியது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே விசை கொடுக்கிறது. பழக்கமில்லாத அந்த இழுவையில் தசையிழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. வலிக்கு வேர் அங்கே இருக்கிறது. பிசியாலஜியை இப்படித் திருப்பினால் சுருங்கி விசை கொடுப்பதும் நீண்டு விசை கொடுப்பதும் ஆகிய இரண்டு தசை இயக்கங்களும் அதோடு சேர்ந்தே நினைவில் நிற்கும்.

அதிகபட்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் '220 கழித்தல் வயது' என்ற சூத்திரமும் இதே வகை. 1971-ல் ஃபாக்ஸும் உடன் எழுதியவர்களும் அப்போது கிடைத்த தரவுகளைப் பார்த்து வைத்த தோராயக் கணக்கு அது. 2001-ல் தனாகா குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து, 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது பொருத்தம் என்றார்கள். நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே வரும். இருபதில் 200-க்கும் 194-க்கும் வேறுபாடு. அறுபதில் 160-க்கும் 166-க்கும். எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் தனிமனிதரின் உண்மை எண் அதிலிருந்து பத்துத் துடிப்புக்கு மேல் விலகியிருப்பது சாதாரணம். தேர்வில் பழைய சூத்திரத்தைக் கேட்டால் பழைய விடையை எழுதத்தான் வேண்டும், அதில் தவறில்லை. அது சராசரி, அளவுகோல் அல்ல என்ற அடிக்குறிப்பு இல்லாமல் படிப்பதுதான் தவறு. நாளைக்கு அந்த எண்ணை வைத்து, உடல் பருத்த ஒரு நடுவயதுக்காரருக்கு "இன்னும் வேகமா ஓடுங்க" என்று சொல்லப்போகிறவர் இப்படிப் படிக்கிறவர்தான்.

பயோமெக்கானிக்ஸில் சிக்கல் வேறு. அங்கே வரிகள் பெரும்பாலும் பொய்யில்லை, பாதி உண்மை. "எறிபொருள் அதிகத் தொலைவு செல்ல உகந்த கோணம் 45 டிகிரி." சரி, விடுபடும் உயரமும் விழும் உயரமும் ஒன்றாக இருந்து, காற்றுத் தடையும் இல்லையென்றால். குண்டு எறிகிறவரின் கையிலிருந்து குண்டு விடுபடுவது தலைக்கு மேலே, விழுவது தரையில். அதனால் கோணம் குறைகிறது. மேல்நோக்கித் தள்ளுவதைவிட முன்நோக்கித் தள்ளும்போது அதிக வேகம் கொடுக்க முடிவதால் இன்னும் குறைகிறது. தேர்ந்த வீரர்கள் பெரும்பாலும் 40 டிகிரிக்குக் கீழேயேதான் எறிகிறார்கள். நீளம் தாண்டுதலில் ஓடிவந்த வேகத்தை இழக்காமல் மேலே எழ வேண்டியிருப்பதால் அது 20 டிகிரியை ஒட்டி வந்துவிடுகிறது. இந்த மூன்று எண்களும் ஏன் இறங்குகின்றன என்று ஒருமுறை விளங்கிவிட்டால் கூற்று-காரணம் வகைக் கேள்வி எப்படி வந்தாலும் சமாளிக்கலாம். 45 என்ற ஒற்றை எண்ணோடு போகிறவர் அங்கே தடுமாறுவதை மாதிரித் தேர்வுகளில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது பாடம் திறன் கற்றல். என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். ஏனென்றால் எப்படிப் படிக்க வேண்டும் என்பதே அந்தப் பாடத்தின் பொருள்.

1986-ல் கூட், மாகில் என்ற இருவர் கல்லூரி மாணவியருக்கு இறகுப்பந்தில் மூன்று வகை சர்வீஸ் கற்பித்தார்கள். சிலருக்கு ஒரு நாள் முழுக்க ஒரே வகை. சிலருக்கு மூன்றும் கலந்து, அடுத்து எது வரும் என்று தெரியாதபடி. பயிற்சிக்குப் பின் நடந்த சோதனையிலும், ஆடுகளத்தின் மறுபக்கக் கட்டத்திலிருந்து சர்வீஸ் போடச் சொன்ன சோதனையிலும் கலந்து பழகியவர்களே தேறினார்கள். இதற்கு முன்பே 1979-ல் ஷியா, மார்கன் இருவரும் எளிய கையசைவுகளை வைத்து இதே போக்கைக் காட்டியிருந்தார்கள். அந்தப் பெயர்களும் ஆண்டும் நம் தொகுப்புகளில் இருக்கின்றன, மாணவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆனால் தொகுப்பு அடுக்கப்பட்டிருக்கும் விதம் என்ன? நெம்புகோல் கேள்விகள் நாற்பது, பிறகு நியூட்டன் விதிகள் முப்பது, பிறகு சமநிலை. நெம்புகோல் பக்கத்தில் இருக்கும்போது எது வந்தாலும் விடை மூன்று வகைகளில் ஒன்று என்று மனசுக்கு முன்கூட்டியே தெரியும். யோசிக்க வேண்டியதில்லை, ஊகித்தால் போதும். கலந்து கேட்கும்போதுதான் இது எந்தப் பாடத்துக் கேள்வி என்று அடையாளம் காண்கிற வேலை வருகிறது. தேர்வு அறையில் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

ஏன் யாரும் கலந்து படிப்பதில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். கலந்தால் தவறு கூடும், மனசு சோரும். நாற்பதுக்கு முப்பத்தெட்டு எடுத்தவருக்கு இருபத்தைந்து வந்தால் தூக்கம் வராது. 1978-ல் பேட்லியும் லாங்மேனும் பிரிட்டனின் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் தங்கள் பயிற்சியைப் பற்றி மிகக் குறைவான மனநிறைவு கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். நன்றாகக் கற்பது நன்றாகக் கற்பதுபோலத் தோன்றுவதில்லை. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது இரவு முழுக்க விழித்துப் படிக்கிற தம்பிகளிடம் இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். களைத்த தசைக்கு ஓய்வு வேண்டும் என்பதை அவர்கள் உடனே ஏற்றுக்கொள்வார்கள். நினைவுக்கும் இடைவெளி வேண்டும் என்றால் நம்ப மறுப்பார்கள்.

எல்லாவற்றையும் மைதானத்தில் கற்றுவிடலாம், புத்தகமே வேண்டாம் என்று பேசுகிற இன்னொரு கட்சியும் நம்மிடையே உண்டு. அவர்களோடும் நான் இல்லை. வாளியைத் தூக்கினால் நெம்புகோல் தெரியும். மைட்டோகாண்டிரியா தெரியாது. ஆக்டினும் மயோசினும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதை எந்தப் புஷ்-அப்பும் காட்டாது. ஏடிபி-பிசி அமைப்பு முழுவேக ஓட்டத்தில் பத்து நொடி அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும் என்பதை 200 மீட்டர் ஓட்டத்தின் பின்பாதியில் உடம்பால் உணரலாம். ஆனால் அதற்குப் பெயரும் விளக்கமும் முதலில் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும், நாம் அதை நினைவில் ஏற்றியிருக்க வேண்டும். மைதானத்துத் திருப்புதலுக்கு நேரமும் அதிகம். வாளிக் கணக்குக்கு எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் அவர் அறுபது ஒரு வரிக் கேள்விகள் பார்த்திருப்பார். பாடத்திட்டம் முழுவதையும் வாளி வைத்து நடத்த முடியாது.

ஆகவே மூன்று பாடத்தையும் ஒரே மாதிரி திருப்பக் கூடாது என்பதுதான் என் வாதம். பிசியாலஜியில் சொற்களும் எண்களும் ஏராளம். அங்கே ஒரு வரி முறை தாராளமாகப் பயன்படட்டும், ஆனால் தொகுப்பை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நல்ல பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பயோமெக்கானிக்ஸில் படம் வரையாமல் ஒரு விடையும் எழுதக் கூடாது. ஆதாரப்புள்ளி எது, விசை எது, பளு எது என்று தன் கையால் அம்புக்குறி போடாதவருக்கு நெம்புகோல் தெரியும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திறன் கற்றலுக்கு, புதிதாகப் பந்து பிடிக்கிற ஆறாம் வகுப்புக் குழந்தையை ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தால் போதும். ஃபிட்ஸும் போஸ்னரும் 1967-ல் பிரித்த மூன்று நிலைகளில் முதலிரண்டும் கண்ணெதிரே நடக்கும். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு கையைப் பார்க்கும். பிறகு பந்தைப் பார்க்கும்.

அந்தக் கபடி இளைஞர் தொகுப்பைத் தூக்கி எறியவில்லை, நானும் எறியச் சொல்லவில்லை. தாள்களைக் கத்தரித்து, ஒரு கேள்விக்கு ஒரு சீட்டாக, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி வைத்துக்கொண்டார். மூன்று பாடமும் ஒரே டப்பாவில். முதல் வாரம் மதிப்பெண் சரிந்ததென்று முகம் வாடி வந்தார். அடுத்த வாரம் ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் அவரே ஒரு படம் வரைந்திருந்தார்: கணுக்கால், முன்பாதம், உயர்ந்த குதிகால். "சார், குதிகாலை உயர்த்தி நிற்கிறது இரண்டாம் வகைன்னு போட்டிருக்கு. ஆதாரப்புள்ளியை முன்பாதத்துல வெச்சா சரியா வருது. கணுக்கால்ல வெச்சுப் பார்த்தா முதல் வகையாயிடுதே?"

பாடநூல்காரர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிற கேள்வி அது. வாளி அன்றைக்குத் தேவைப்படவில்லை. கேலரிப் படியில் நுனிக்காலில் ஏறி நின்றுகொண்டு, இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.