யார் யாரைத் தத்தெடுப்பது?

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எம்.பி.பி.எஸ். படிப்பில் ஒரு புதிய திட்டத்தைச் சேர்த்தது. முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, அவர்களுடைய உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்துவர வேண்டும். மருத்துவர் போகாத ஊர்களுக்குக் குடும்ப மருத்துவர்களை உருவாக்க இது உதவலாம். நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. பெயர்தான் உறுத்துகிறது: குடும்பத் தத்தெடுப்பு. நம் வழக்கில் பிள்ளையைத்தான் தத்தெடுப்பார்கள். இங்கே அறுபது வயதுக் கிழவியும் அவள் மகனும் மருமகளும் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனுக்குத் தத்துப்போகிறார்கள்.

வெறும் சொல்தானே என்று விட்டுவிட முடியாது. என் சித்தி கிராம சுகாதாரச் செவிலியர். அவர் ஊருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரி வண்டி வந்தது. வீடு காட்டப் போனவர் சித்திதான். “நல்ல பிள்ளைங்கதான்டா. எந்த வீட்டுல சர்க்கரை, எந்த வீட்டுல குடி, யாரு மாத்திரையை ஒழுங்கா முழுங்கல, எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிச்சுங்க. வண்டி காலனிக்குப் போகாது, ரோடு சரியில்லன்னுட்டாங்க. ஊர்த்தெருவோட முடிஞ்சிருச்சு. கெளம்புறப்ப ஒரு பையன் கேட்டான், ‘சிஸ்டர், இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கீங்க, நீங்களே டாக்டர் ஆயிருக்கலாமே’ன்னு. நான் எப்படித் தம்பி ஆவுறதுன்னு கேட்டேன்.”

இந்தக் கேள்வியை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

ஃபூக்கோ 1963இல் வெளியிட்ட ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலில் ஓர் ஒப்பந்தத்தை அம்பலப்படுத்துகிறார். ஏழைக்கு இலவச சிகிச்சை. பதிலுக்கு அவன் உடம்பு மாணவனின் பார்வைக்குப் பாடமாகிறது. அங்கே கற்ற வித்தையின் பலன் பணக்காரனுக்கும் போய்ச் சேருகிறது. தத்தெடுப்புத் திட்டம் அந்த ஒப்பந்தத்தை வார்டிலிருந்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையா? பார்க்கிறவன், பார்க்கப்படுகிறவள் என்ற பிரிவினை அப்படியே இருக்கிறது. நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்க்கிறவள் பிரதியிலேயே இல்லை.

இந்த அழித்தலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1946இல் வந்த போர் குழு அறிக்கையின் கணக்குப்படி, அன்றைய இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவர் சுமார் 47,500 பேர். அதில் ஏறக்குறைய 30,000 பேர் பட்டதாரிகள் அல்ல. குறுகிய படிப்புப் படித்த உரிமம் பெற்றவர்கள், அதாவது எல்.எம்.பி. டாக்டர்கள். அந்தப் படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டம் பெற்ற ஒரே வகை ‘அடிப்படை மருத்துவரை’ உருவாக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. உறுப்பினர்கள் சிலர் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்கள். பெரும்பான்மை சொன்னதுதான் நடந்தது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஒரே தரம் என்ற அந்தக் கனவை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த ஒரே தரத்துக்கு ஒரே வாசல்தான் வைத்தார்கள். அதற்குள் நுழையக்கூடியவர்கள் யார் என்பதும் அப்போதே தீர்மானமாகிவிட்டது.

இன்னும் பின்னால் போனால் மொழியே சாட்சி சொல்லும். தமிழில் ‘மருத்துவர்’ என்பது ஒரு சாதியின் பெயரும்கூட. முடிவெட்டும் வேலை சுமத்தப்பட்ட அந்தச் சமூகத்தின் பெண்கள்தான் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். தொப்புள்கொடி அறுக்க உள்வீடு வரை போனவள், சாப்பாடு வாங்கக் கொல்லைப்பக்கம் நின்றாள். நம்முடைய முதல் குடும்ப மருத்துவர் அவள்தான். நவீன மருத்துவம் அவளிடமிருந்து வேலையை எடுத்துக்கொண்டது. பட்டத்தை அவளுக்குத் தரவில்லை.

வேறு மாதிரி முடியுமா? முடிந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் 1976இல் லெய்ட்டே தீவில் ஒரு சுகாதாரக் கல்லூரியைத் தொடங்கியது. அதில் படிக்க ஊர்தான் ஆள் அனுப்புகிறது. வந்தவர் முதலில் பிரசவம் பார்க்கக் கற்கிறார். ஊருக்குத் திரும்பி வேலை செய்கிறார். ‘இவள் எங்களுக்குப் பிரயோசனப்பட்டாள், மேலே படிக்க வையுங்கள்’ என்று ஊர் சொன்னால் செவிலியர் படிப்பு. மறுபடி ஊர், மறுபடி ஊரின் ஒப்புதல், பிறகு டாக்டர் படிப்பு. எல்லாரும் உச்சிக்குப் போவதில்லை. எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கிறது, ஊருக்கு ஓர் ஆள் இருக்கிறாள். செவிலியர்களைக் கப்பலேற்றிப் பிழைக்கும் நாட்டில், இங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் நாட்டிலேயே தங்கினார்கள்.

நண்பர்கள் கேட்பார்கள்: ஏழைக்கு மட்டும் அரை டாக்டரா? நியாயமான கேள்வி. அரைகுறைப் படிப்போடு ஒருத்தரை நிறுத்திவைத்து அவரைக் கிராமத்துக்கு ஒதுக்கினால் அது அநீதிதான். லெய்ட்டே ஏணியில் அந்தப் படி முடிவல்ல. அதே பெண் மேலே ஏறலாம். நம் ஊரில் சித்திக்கு இருப்பது ஏணி அல்ல, சுவர். முப்பது வருட அனுபவத்துக்கு எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு உட்கார்ந்து நீட் எழுத வேண்டும்.

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் கிடைத்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தியது. அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் சொன்னது. அந்த ஒதுக்கீடுதான் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு டாக்டர்களை இழுத்துவந்தது. அதைக் காப்பாற்றப் போராடியது சரிதான். ஆனாலும் ஒன்றைப் பேச வேண்டும். சிறப்பு மருத்துவராகப் போகும் வழியில் ஒரு காத்திருப்பு அறையாகத்தானே ஆரம்ப சுகாதார நிலையம் இங்கே இருக்கிறது? காத்திருப்பு அறையில் யாரும் குடும்பம் நடத்துவதில்லை.

‘சேவை மனப்பான்மையை வளர்க்க வேண்டும்’ என்பது இந்தத் துறையில் தேய்ந்துபோன வாக்கியம். மேலே இருப்பவன் கீழே இறங்கி வருவதற்குப் பெயர் சேவை. கீழே இருப்பவள் மேலே ஏறுவதற்கு நம்மிடம் சொல்லே இல்லை. அந்தச் சொல் வரும்வரை எத்தனை பாடத்திட்டம் போட்டாலும் மாணவர் வருவார், குறிப்பெடுப்பார், போய்விடுவார்.

மாணவன் ஊரைத் தத்தெடுக்க வேண்டாம். ஊர் தன் டாக்டரைத் தானே பெற்றுக்கொள்ளட்டும். சித்தி ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அந்தப் பையனிடம் அவர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.