போரிங்குக்கு முன்னால்

வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற அம்பாசடரைத் திருச்சி ஒர்க்ஷாப்புக்கு இழுத்துவந்தால், மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "இறக்கிடலாமா சார்?" அதே நிலையில் ஒரு மாரிஸ் மைனர் யாழ்ப்பாணத்துக் கராஜுக்குப் போனால், என்ஜினை இறக்கும் பேச்சு கடைசியில்தான் வரும்.

இரண்டும் பங்காளி வண்டிகள். அம்பாசடரின் 1489 சிசி என்ஜினும் மைனர் 1000-இன் 948 சிசி என்ஜினும் ஒரே பிரிட்டிஷ் கம்பெனியின் வடிவமைப்பு. பிரித்தது சாமான் கிடைத்த விதம். அம்பாசடர் உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியானது. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் இங்கே கடையில் தொங்கின. லேத்துக்கும் திருச்சியில் பஞ்சமில்லை. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி என்ஜினையே புதிதாகச் செய்து கொடுத்த பொன்மலைப் பணிமனை இருக்கும் ஊர் இது.

யாழ்ப்பாணத்துக்கு 1990-க்குப் பிறகு, போர்க்காலத் தடை நீடித்தவரை, பெட்ரோலே வரவில்லை. சில சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்ப்பில் இறங்கி, அங்குள்ள ஆயிலையும் நீர்க்கவைக்கும். ரிங் தேயும். மாற்றுவதற்கு ரிங் சுலபத்தில் கிடைக்காது. அப்படிப் பழகிய கை எதையும் தூக்கி எறிய யோசிக்கும்.

ஓடாமல் நின்ற என்ஜினுக்கு அந்தத் தயக்கமே சரி என்பேன். அதன் நோய் தேய்மானம் அல்ல, துரு. ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நிற்கும் கார், வருடம் முழுக்க ஈரக்காற்றைக் குடிக்கிறது. என்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்கும். ஈரம் அந்த வழியாகப் புகுந்து, பிஸ்டன் நின்ற உயரத்துக்கு மேலே துரு வளையம் கட்டும். பக்கத்துச் சிலிண்டர் பளபளவென்று இருக்கும்.

ஆகவே முதலில் பிளக்குகளைக் கழற்றி டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, நாள் கணக்கில் ஊறவிட வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கலாம். அவசரப்பட்டு செல்ஃப் அடித்தால் ஒட்டிய ரிங் முறிந்து சுவரைக் கீறிவிடும். நல்ல போர் அந்த நிமிடமே பாழ். அசைந்த பின் ஹெட்டையும் பிஸ்டன்களையும் கழற்றி, சுவரை லேசாக ஹோனிங் செய்து பார்க்கலாம். குழி தெரிந்தால் மட்டும் போரிங். பார்க்காமலே பிளாக்கை லேத்துக்கு அனுப்புவது நம்மூர்ச் சோம்பல். கடையில் பிஸ்டன் இருந்தவரை அது யாரையும் உறுத்தவில்லை.

ஆனால் திரும்பக் கட்டும்போது திருச்சி பக்கம்தான் என் ஓட்டு. கழுவி மறுபடி போடும் சிக்கனம் பிஸ்டனுக்குச் சரி, பேரிங்குக்கு ஆகாது. கிராங்கை மைக்ரோமீட்டரால் அளந்து, தேவையானால் பத்தோ இருபதோ தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற புதுப் பேரிங் போடுவதே முறை. ரிங்குகளின் வாய் ஒரே கோட்டில் வரக்கூடாது. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். பிளக் போடாமல் சுற்றவிட்டு ஆயில் பிரஷர் ஏறிய பிறகே ஸ்டார்ட்.

சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் செய்த ஹெரால்டை வைத்திருப்பவர்கள் இங்கேயே யாழ்ப்பாண முறைக்கு வந்து வெகுநாளாயிற்று. அந்த வண்டிக்குப் பிஸ்டன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அம்பாசடர்காரர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது.