பேகன் வீட்டுக்குப் போனானா?



இரக்கம், உதவும் மனப்பான்மை என்று பாடம் வந்தால் நம் கை முதலில் எந்தக் கதையைத் தேடும்? மயிலுக்குப் போர்வை தந்த பேகன் கதையைத்தானே? பாலர் பள்ளி முதல் நன்னெறிக் கல்வி வகுப்பு வரை நானும் பல ஆண்டுகளாக அதைச் சொல்லி வந்திருக்கிறேன். பெற்றோரிடமும், "தூங்கப் போகும்போது வீட்ல இந்தக் கதையைச் சொல்லுங்க" என்று பரிந்துரைத்திருக்கிறேன். இப்போது அந்தக் கதையை நாம் சொல்லும் முறையில் ஒரு குறை இருப்பதாக நினைக்கிறேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஆறு வயது மாணவன் ஒருவனைக் கதை சொல்லும் போட்டிக்குத் தயார் செய்தேன். பாத்தேக் துணியைத் தோளிலிருந்து எடுத்து பொம்மை மயிலுக்குப் போர்த்தினான். குரல் தழுதழுக்கப் பேசினான். பரிசும் கிடைத்தது. மறுவாரம் அவன் அம்மா புலனத்தில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். "டீச்சர், நேத்து எனக்கு நல்ல காய்ச்சல். ஒரு கப் தண்ணி கொண்டு வாய்யான்னு மூணு தடவ கூப்பிட்டேன். டிவிய விட்டு எழும்பவே இல்ல. மயிலுக்கு மட்டும்தான் போத்துவான் போல!" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்குப் பயிற்சி கொடுத்தது நான்தானே?

பிள்ளையைக் குறை சொல்லும் முன், கதையைப் பார்ப்போம். நாம் சொல்லும் வடிவத்தில் மூன்றே படிகள் உள்ளன. மயில் நடுங்குகிறது, பேகன் போர்த்துகிறான், ஊரே புகழ்கிறது. கடைசியில், "அதனால்தான் அவர் கடையெழு வள்ளல்களில் ஒருவர்" என்று முடிக்கிறோம். பிள்ளை மனத்தில் நிற்பது என்ன? உதவினால் கைதட்டல் கிடைக்கும். யாரும் பார்க்காத அறையில், காய்ச்சலில் படுத்திருக்கும் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தால் யார் கைதட்டப் போகிறார்கள்?

இன்னொன்று. மயிலுக்குப் போர்வை தேவையா என்று இக்கதையில் யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளைகளுக்குக் குளிர் என்றால் ஏர்கோனும் கேமரன் மலையும்தான். "டீச்சர், மயிலுக்குத்தான் இறகு இருக்கே?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "பேசாம கதையைக் கேளு" என்கிறோம். உண்மையில் அதுதான் நல்ல கேள்வி. மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும் பேகன் கொடுத்தான் என்றுதான் புறநானூற்றின் 141ஆம் பாடலில் பரணர் பாடுகிறார். அடுத்த பாடலில் இத்தகைய கொடையைக் 'கொடைமடம்' என்கிறார். அது புகழ்ச்சிதான். ஆனாலும், மற்றவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து உதவக் கற்க வேண்டிய ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

இனி, நாம் சொல்லாமல் விடும் பாதிக்கு வருவோம். 143 முதல் 147 வரை ஐந்து பாடல்களும் இதே பேகனைப் பற்றியவை. பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார். பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்கிறான், அவள் அழுதுகொண்டிருக்கிறாள். 145ஆம் பாடலில் பரணர், மயிலுக்கு இரங்கிப் போர்வை தந்தவன் என்று அவனை அழைத்துவிட்டு, தான் பசித்தும் வரவில்லை, சுற்றத்தைக் காக்கவும் வரவில்லை என்கிறார். அவர் கேட்கும் பரிசு ஒன்றுதான்: இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்க்க வேண்டும்.

பாருங்கள், காட்டு மயிலின் நடுக்கம் கண்ணில் பட்டவனுக்கு வீட்டுக் கண்ணீர் படவில்லை. புலவர்கள் அதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நாமோ அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் போர்வையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

"சின்னப் பிள்ளைகளுக்குக் குடும்பச் சண்டையையா சொல்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிவின் காரணம் அவர்களுக்கு வேண்டாம். "பேகன் வீட்டில் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். அவன் கவனிக்கவில்லை. புலவர்கள் வந்து, எங்களுக்குப் பரிசு வேண்டாம், முதல்ல வீட்டுக்குப் போய் அவங்களப் பாருங்கன்னு சொன்னாங்க." இவ்வளவு போதும். நான்கு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

உதவும் எண்ணத்தைப் பிள்ளைக்குள் நாம் புதிதாக ஊற்ற வேண்டியதில்லை. பெலிக்ஸ் வார்னக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகளே, கீழே விழுந்த பொருளை எட்ட முடியாமல் தவிக்கும் பெரியவருக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களே 2008இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவினார்கள். வீட்டுச் சுவரில் நட்சத்திர ஒட்டிகளோடு 'நற்செயல் அட்டவணை' தொங்கவிடச் சொல்லும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெற்றோரிடம் இனி என்ன சொல்லலாம்? நான் சொல்லத் தொடங்கியிருப்பது மூன்று.

ஒன்று, கவனிக்கப் பழக்குங்கள். "பாட்டி ஏன் இன்னைக்கு மெதுவா நடக்குறாங்க?" என்று கேளுங்கள். விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு, உதவும் முன் கேட்கப் பழக்குங்கள். "பாட்டி, உங்களுக்கு என்ன வேணும்?" தைலமா, தண்ணீரா, சும்மா பக்கத்தில் உட்கார வேண்டுமா என்பது பாட்டிக்குத்தான் தெரியும்.

மூன்று, ஒட்டிக்குப் பதிலாக விளைவைச் சொல்லுங்கள். "நீ தண்ணி கொண்டு வந்ததாலதான் பாட்டி நேரத்துக்கு மாத்திரை போட்டாங்க."

பேகனைக் கைவிடச் சொல்லவில்லை. முழுக்கதையையும் சொல்லச் சொல்கிறேன். பேகன் வீட்டுக்குப் போனானா என்பதற்கு அந்த ஐந்து பாடல்களிலும் விடை இல்லை. அடுத்த முறை அந்த இடத்தில் கதையை நிறுத்தி, பிள்ளைகளையே கேளுங்கள். "போனானா? போயி என்ன சொல்லியிருப்பான்?" அவர்கள் சொல்லும் பதில்களை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.